ஈரத்துணிக்குத் தப்பிய கோடுகள்

என் சித்தியோடு தெருவில் நடப்பதைவிட ஆட்டைக் கூட்டிக்கொண்டு போவது சுலபம். ஆடு இலை கண்ட இடத்தில்தான் நிற்கும். சித்தி சுவர் கண்ட இடமெல்லாம் நிற்பாள். புதிதாக வெள்ளையடித்த சுவர் என்றால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். காரை பெயர்ந்து, பாசி பிடித்து, யாரோ தினமும் சைக்கிளைச் சாத்திச் சாத்திக் கீறல் விழுந்த சுவராக இருந்தால் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு தடவுவாள். பிறகு பையிலிருந்து தாளை எடுத்துச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, மேலே கரிக்கட்டையால் தேய்த்து, அந்தச் சுவரின் சொறி சிரங்கையெல்லாம் தாளில் இறக்கிக்கொள்வாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால், ரொம்ப நல்ல சுவர், தயவுசெய்து பூசிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வாள். அந்த மனிதருக்கு அதுவரை தன் சுவரின் லட்சணம் தெரியாது. அடுத்த வாரமே ஆள் வைத்துப் பூசிவிடுவார். இப்படி எங்கள் வட்டாரத்தில் பாதிச் சுவர்கள் பளிச்சென்று ஆனதற்குச் சித்திதான் காரணம்.

அவள் அலங்கார டைல்ஸ் செய்யும் கம்பெனியில் டிசைனர். கேட்பதற்கு ஜம்மென்று இருக்கும். நேரில் பார்த்தால், நகக்கண்ணில் கறுப்பு, முழங்கையில் களிமண், தலையில் பென்சில். அந்தப் பென்சிலைத் தேடிக்கொண்டே பாதி நாள் போய்விடும். எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் குடியிருக்கிறாள். அந்த அறைக்குள் செருப்புப் போடாமல் போனால் காலில் ஏதாவது குத்தும், போட்டுக்கொண்டு போனால் ஏதாவது உடையும். ஈரக் களிமண் பலகையில் எதை அழுத்தினால் என்ன தடம் விழும் என்று பார்ப்பதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு, வேலை, வியாதி எல்லாம். சாக்குத்துணி, கயிறு, பல் தேய்க்கும் பிரஷ், காய்ந்துபோன ரொட்டி என்று எதையும் விடமாட்டாள். அப்பாவின் சீப்பு ஒரு நாள் காணாமல் போய், பல் பல்லாக ஒரு டைல்ஸில் கிடைத்தது. அப்பாவுக்கு இப்போது சீப்பு தேவையில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் மனிதருக்கு ஒரு நம்பிக்கை இருக்குமல்லவா.

இதற்கு நேர்மாறு என் அம்மா. சித்திக்குக் கூடப்பிறந்த அக்கா. அம்மாவின் தோளில் எப்போதும் ஒரு துணி கிடக்கும். அது துணியா தோளின் ஒரு பகுதியா என்று எனக்குச் சின்ன வயதில் சந்தேகமே உண்டு. பேசிக்கொண்டே துடைப்பாள், திட்டிக்கொண்டே துடைப்பாள், யாராவது அழுதால் அவர்கள் சாய்ந்திருக்கும் மேசையைத் துடைப்பாள். அப்பா ஒரு நாள் சொன்னார்: இந்த வீட்டில் ஒருத்தி அழுக்காக்கப் பிறந்தவள், ஒருத்தி துடைக்கப் பிறந்தவள், நான் காலைத் தூக்கிக்கொள்ளப் பிறந்தவன். சொல்லிவிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார். அம்மா அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தாள்.

சித்தியின் கம்பெனி முதலாளிக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஈரத்துணி. அம்மாவுக்கும் அவருக்கும் ஏதோ பூர்வஜென்ம சம்பந்தம் இருக்க வேண்டும். அவர் மேசை இழுப்பறையில் நாலாக மடித்த வெள்ளைத் துணி ஒன்று உண்டு. யார் எந்தப் புது டிசைனைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதலில் அதைப் பார்க்க மாட்டார். அதன்மேல் கொஞ்சம் எண்ணெயும் கொஞ்சம் தக்காளிச் சாறும் ஊற்றுவார். ஒரு டீயை ஊதி ஊதிக் குடிப்பார். பிறகு துணியை நனைத்து ஒரே இழுப்பு. துணியைத் திருப்பி வெளிச்சத்தில் பார்ப்பார். டைல்ஸை அல்ல, துணியை. கலையைப் பற்றி அவருக்கு இருக்கும் ஒரே கேள்வி, துடைத்தால் போகுமா என்பதுதான். மழமழவென்று ஒன்றுமே இல்லாத வெள்ளை டைல்ஸ்தான் அவருக்கு உலகத்திலேயே பெரிய ஓவியம்.

சித்தியின் பாடு இங்கேதான் திண்டாட்டம். கோட்டை ஆழமாகக் கீறினால் படம் அழகாகத் தெரியும், ஆனால் பள்ளத்தில் எண்ணெய் போய் உட்கார்ந்துகொள்ளும், துணி தோற்கும், அவர் உதட்டைப் பிதுக்குவார். லேசாகக் கீறினால் மேலே ஊற்றும் கண்ணாடிப் பூச்சு சூளையில் உருகிப் பள்ளத்தை நிரப்பிவிடும். துணி வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் கோடும் மூழ்கிவிடும். முதலாளிக்குப் பிடித்த வெள்ளைச் சூனியம்தான் மிச்சம். ஆழமாகப் போட்டால் அவருக்கு ஆகாது, மேலாகப் போட்டால் இவளுக்கு ஆகாது.

இப்படி ஈரத்துணியிடம் தோற்றுத் தோற்று வந்துகொண்டிருந்தவளுக்கு ஒரு நாள் கடைசி எச்சரிக்கையும் வந்தது. கம்பெனியில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார்கள். பளிங்குக்கல்லை போட்டோ எடுத்துப் போட்டால் அது நீட்டும், சுருக்கும், திருப்பும், அப்படியே டைல்ஸில் அச்சடிக்கும். கல்லே இல்லாத கல். அடுத்த முறை டைல்ஸ் விற்றுக்கொடுக்கும் ஏஜெண்டுகள் எல்லாரும் கூடும்போது சித்தி ஒரு சுவர் அளவுக்குப் படம் வைக்க வேண்டும், அது துணிக்குத் தப்ப வேண்டும். இல்லையென்றால் அவளுடைய மண்மேசையை எடுத்துவிடுவார்கள், அவள் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பொய்ப் பளிங்கு செய்ய வேண்டியதுதான். மேசை இருந்த இடத்தில் மீன்தொட்டி வைக்கப்போவதாக முதலாளி ஆசையோடு சொன்னாராம். வாஸ்துவுக்கா என்று அப்பா கேட்டார். கண்ணாடி என்றால் துடைப்பது சுலபம் என்பதற்காக இருக்கும் என்று நான் சொன்னேன். சித்தி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததை அன்றைக்குத்தான் முதல்தடவை பார்த்தேன்.

அவள் வரைந்துகொண்டிருந்த படம் எங்களுக்கெல்லாம் ஒரு புதிர். ஒரு டைல்ஸில் தொடங்கி அடுத்ததில் ஏறி, பல டைல்ஸ் தாண்டி இறங்கும் ஒரு பெரிய வளைந்த கோடு. அதற்குள்ளே சாக்குத்துணித் தடம், சீப்புத் தடம், பழைய சுவர்களின் கீறல். அப்பா ஒட்டகம் என்றார். நான் கவிழ்ந்து கிடக்கும் ஆட்டோ என்றேன். அம்மா பூசணிக்காய் என்று சொல்லிவிட்டு, அதையாவது ஒழுங்காக உருண்டையாக வரையக்கூடாதா என்று கேட்டாள். சித்தி தலையிலிருந்த பென்சிலைத் தேடிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு சனிக்கிழமை. லேசாகக் கீறி, சூளையில் ஒருமுறை சுட்டு, இன்னும் பூச்சு ஊற்றாத டைல்ஸ் ஒன்றைச் சித்தி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். எப்படிப் போனாலும் முட்டுச்சந்து என்ற எரிச்சலில் அதன்மேல் கறுப்புச் சாயத்தை முழுக்க அப்பிவிட்டாள். போ, நீயும் நாசமாப் போ என்கிற மாதிரி. அப்பிவிட்டுக் குளிக்கப் போனாள். போனவள் அதைத் தன் குப்பைமேட்டு அறையில் வைத்திருக்கக் கூடாதா. அம்மா அப்போதுதான் கழுவித் துடைத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்த சமையல் மேடையில், நட்டநடுவே வைத்துவிட்டாள். சட்டிக்கு அடியில் பிடித்த கரி மாதிரி அது உட்கார்ந்திருந்தது.

அம்மா உள்ளே வந்தாள். பார்த்தாள். தோளிலிருந்து துணி இறங்கியது. கல்யாணத்துக்கு முன்னால் இருந்து இவளுக்குப் பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருகிறேன் என்று ஆரம்பித்து, சித்தி மூன்றாம் வகுப்பில் அம்மாவின் பாடப்புத்தகத்தில் காக்கை வரைந்து அம்மா வாத்தியாரிடம் அடி வாங்கியது வரைக்கும் எல்லாக் கணக்கையும் அந்த டைல்ஸின்மேல் தீர்த்தாள். கீழ் மூலையில் கையை ஊன்றி, ஒரு இழுப்பு, ஒரு திருகு, துணியை உதறி மறுபடி ஒரு இழுப்பு. போகாத இடத்தை முறைத்துப் பார்த்து, போ சனியனே என்று விட்டுவிட்டாள்.

சித்தி தலையில் துண்டோடு வந்து பார்த்தாள். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு வேடிக்கைக்குத் தயாரானேன். சண்டையே வரவில்லை. சித்தி டைல்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். மேட்டிலிருந்த கறுப்பு போய்விட்டது. முடி அளவு கீறலில்கூடக் கறுப்பு தங்கியிருந்தது. அது மட்டுமல்ல, அம்மாவின் கை இழுத்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் காற்று அடித்த மாதிரி ஒரு வீச்சு.

இதில் என்ன அதிசயம், சாயம் பூசித் துடைப்பது உங்கள் தொழிலில் இல்லாததா என்று அப்பாகூடக் கேட்டார். இருக்கிறதாம். காலேஜிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பஞ்சை நனைத்து, வட்டம் வட்டமாக, மெதுவாக, எல்லா இடமும் ஒரே சீராகத் துடைக்க வேண்டும். சித்தியும் அப்படித் துடைத்துப் பார்த்திருக்கிறாள். பாத்ரூம் இடுக்கில் அழுக்குப் பிடித்த மாதிரி வந்திருக்கிறது. இவ்வளவு நாளாக எல்லாவற்றையும் கோபமாக வரைந்துவிட்டு, துடைக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாகத் துடைத்திருக்கிறாள். அம்மாவுக்கு அந்தக் காலேஜ் பாடமெல்லாம் கிடையாது. அவளிடம் இருந்தது தங்கச்சி மட்டும்தான்.

அந்த டைல்ஸ் பூச்சு ஊற்றி, சூளைக்குள் போய்த் திரும்பியது. மேலே கை வைத்தால் கண்ணாடி. உள்ளே பார்த்தால் புயல். சித்தி அதன்மேல் தானே எண்ணெய் ஊற்றித் துடைத்துத் துணியைப் பார்த்தாள். துணி வெள்ளை. வழி கிடைத்துவிட்டது. மிச்சமிருப்பது ஒரு சுவர் நிறைய டைல்ஸும், ஒரு அக்காவின் கோபமும்தான்.

முதலில் நேர்வழியில் போனாள். அக்காவை உட்கார வைத்து, டீ போட்டுக்கொடுத்து, உன் கையில் ஒரு கலை இருக்கிறது என்று சொன்னாள். இங்கேதான் காரியம் கெட்டது. கலை என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா புதுத் துணி எடுத்து வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெற்றி சுருக்கி, குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல ஒத்தி ஒத்தித் துடைத்தாள். இந்த ஓரம் சரியாப் போச்சா பாரு என்று வேறு கேட்டுக்கொண்டாள். பஞ்சு வட்டமே தேவலை என்கிற மாதிரி வந்தது. அம்மா மட்டும் அதைக் கொஞ்ச நேரம் பெருமையாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு சித்தி கலையைப் பற்றிப் பேசவில்லை. கறுப்பு அப்பிய டைல்ஸ்களை வீடு முழுக்கக் கண்ணிவெடி மாதிரி வைக்க ஆரம்பித்தாள். சலவை செய்த படுக்கை விரிப்பின்மேல் ஒன்று. பிரிட்ஜ் தலையில் ஒன்று. அப்பாவின் வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவில் ஒன்று. அந்தச் சட்டைகள் பட்ட பாட்டைப் பற்றி அப்பா இதுவரை பேசியதில்லை, பேசவும் மாட்டார். எந்த இடத்தில் வைத்தால் அம்மாவுக்கு உச்சி மண்டை வரைக்கும் ஏறும் என்ற விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு என்பதால் சில யோசனைகள் சொன்னேன், அவ்வளவுதான். அம்மா ஒவ்வொன்றையும் கண்ட இடத்தில் பிடித்து, ஒரு இழுப்பு, ஒரு திருகு. சித்தி பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொண்டு கம்பெனிக்கு ஓடுவாள்.

பாதிக்கு மேல் முடிந்தபோது கோபம் வற்றிவிட்டது. செருப்பு ஸ்டாண்டில் ஒரு டைல்ஸைப் பார்த்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்குப் புரியலைன்னு நெனச்சிட்டிருக்கியாடீ? ரெண்டாவதுலயே தெரியும். போனாப் போகுதுன்னு கோவப்பட்டுட்டிருந்தேன்" என்றாள். சிரித்துக்கொண்டே துடைத்தாள். சிரித்துக்கொண்டு துடைத்த டைல்ஸ் வெறும் சுத்தமான டைல்ஸ். சித்தி என்னென்னவோ செய்து பார்த்தாள். அம்மாவின் சமையலைப் பழித்தாள், அம்மா தலையாட்டினாள். பழைய காக்கையை ஞாபகப்படுத்தினாள், அதற்கும் அம்மா சிரித்தாள். காக்கை நல்லாத்தான் இருந்தது என்று வேறு சொல்லித்தொலைத்தாள். அந்த நேரம் பார்த்து அக்காவும் தங்கச்சியும் சமாதானமாகப் போனால் ஒரு மனுஷி எப்படிப் பிழைப்பது.

ஏஜெண்டுகள் கூடும் நாள் நெருங்கிவிட்டது. அந்தப் பெரிய வளைவின் உச்சியில் வரவேண்டிய டைல்ஸ்கள்தான் பாக்கி. அவை இல்லாமல் படம் மண்டையில்லாத முண்டம். மாலையில் சித்தி அவற்றைச் சமையல் மேடையிலேயே வரிசையாக அடுக்கிக் கறுப்புப் பூசிவிட்டு, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் நடிக்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், நடிப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் கிடையாது.

"விடுக்கா. நான் அந்த கம்ப்யூட்டர்லயே உக்காந்துக்கறேன். பளிங்கு படம் என்ன, அதுவும் வேலைதானே. உனக்கும் வீடு சுத்தமா இருக்கும்."

அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பா கூடத்தில் காலைத் தூக்கிக்கொண்டார், அந்தப் பக்கம் யாரும் வராமலே.

"என்னடீ சொன்னே?"

"கிறுக்கினது போதும்னு சொல்றேன்."

"எவ்வளவு அழுக்கு. எத்தனை சுவரு, எத்தனை பாவாடை, எத்தனை புஸ்தகம். உனக்காக நான் வாங்கின திட்டுக்கு அளவு உண்டா? அத்தனையும் தொடச்சிட்டு வந்தது, கடைசில நீ இல்லாத கல்லைப் படம் பிடிக்கவா?"

துணி இறங்கியது. அந்த மேடையே அதிர்ந்தது. அம்மா ஒவ்வொரு டைல்ஸாக எடுக்கவில்லை, வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்தாள். திரும்பி வரும்போது துணியைத் திருகிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு இடத்தில் கை நின்று, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மறுபடி கிளம்பியது. முடிந்ததும் துணியைத் தொட்டியில் எறிந்துவிட்டு, சாப்பிட வா என்று சித்தியிடம் உறுமினாள். சித்தி டைல்ஸ்களைப் பார்க்கவே இல்லை. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்தது. கறுப்புச் சாயமாகத்தான் இருக்கும்.

ஏஜெண்டுகள் கூடிய அன்று என்ன நடந்தது என்பதைச் சித்தி நடித்தே காட்டினாள். முதலாளி எண்ணெய் ஊற்றினார், தக்காளிச் சாறு ஊற்றினார், டீ குடித்தார், துடைத்தார். துணி சுத்தம். கீறல் மேல் ஊற்றித் துடைத்தார். சுத்தம். ஸ்டூல் போட்டு ஏறி உச்சியில் துடைத்தார். அதுவும் சுத்தம். அவருக்குக் கேட்பதற்குக் கேள்வி தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல், தன் வாழ்க்கையில் முதல்முறையாக, நாலடி பின்னால் போய் டைல்ஸைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இது என்ன, மலையா என்று கேட்டார். சித்தி பதில் சொல்வதற்குள் ஏஜெண்டுகள் எல்லாரும் மலைதான், அருமையான மலை என்று சொல்லிவிட்டார்கள். பார்க்கும்போதே மனசு குளிர்கிறது என்றார் ஒருவர். இதைப் பார்த்தால் ரத்தக் கொதிப்பே இறங்கும் என்றார் இன்னொருவர். முதலாளி அங்கேயே அந்த வரிசைக்குப் பெயர் வைத்துவிட்டார். அமைதி.

மண்மேசை பிழைத்தது. மீன்தொட்டி முதலாளியின் அறைக்கே போனது. அங்கே மீன்கள் பாசி பிடித்த கண்ணாடிக்குப் பின்னால் நீந்துவதாகக் கேள்வி.

ஆனால் வேலை இனிமேல்தான். அமைதிக்கு ஏகப்பட்ட கிராக்கி. துடைப்பதற்கென்று பட்டறையில் ஆட்களை உட்கார வைத்தார்கள். நல்ல பையன்கள், நல்ல பெண்கள், தலையைக் குனிந்து பொறுப்பாகத் துடைத்தார்கள். வந்ததெல்லாம் பாத்ரூம் இடுக்கு. முதலாளி சித்தியிடம் பணிவாகவே கேட்டார்: "ஏம்மா, அந்த முதல் செட்டை யார் தொடச்சாங்களோ அவங்களை ஒருதரம் வரச்சொல்ல முடியுமா?"

அம்மா முடியாது என்றாள். பிறகு, தலைவாரிக்கொண்டு கிளம்பினாள். நானும் ஒட்டிக்கொண்டேன். பட்டறையில் எல்லாரும் ஏதோ பெரிய நிபுணர் வருகிறார் என்று எழுந்து நின்றார்கள். அம்மா அவர்கள் துடைப்பதைக் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஏம்ப்பா, உங்க யாருக்கும் வீட்ல தங்கச்சி கிடையாதா?"

முதலில் யாருக்கும் புரியவில்லை. மூலையில் இருந்த ஒரு பெண் மட்டும், எனக்குத் தம்பி இருக்கிறான், என் செல்போனைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டான் என்றாள். அவனை நினைத்துத் துடை என்றாள் அம்மா. அந்தப் பெண் இழுத்த இழுப்பில் மேசை நகர்ந்தது. அடுத்தவனுக்கு அண்ணன், அதற்கடுத்தவனுக்கு மச்சான். பட்டறை களைகட்டிவிட்டது. இன்றைக்கும் அங்கே வேலை தொடங்கும் முன்னால் ஆளுக்கொரு குடும்பக் கதை பேசிவிட்டுத்தான் துணியை நனைக்கிறார்களாம். அந்தக் கோபத்தை எல்லாம் கண்ணாடி போட்டுச் சுட்டு, அமைதி என்று பெட்டியில் எழுதி அனுப்புகிறார்கள். யாரோ அதைக் குளியலறையில் ஒட்டிக்கொண்டு மனசு குளிர்கிறார்கள்.

திரும்பும்போது வரவேற்பறைச் சுவரில் அந்த முதல் படம் முழுசாக ஒட்டியிருந்தது. வீட்டில் துண்டு துண்டாகப் பார்த்ததுதான், அம்மா அதை முழுதாகப் பார்த்ததில்லை. நின்றாள். அந்த வளைவைக் கீழிருந்து மேலே கண்ணால் ஏறி, மறுபக்கம் இறங்கினாள். ஓரத்தில் ஒரு முழங்கை மாதிரி ஒரு மடிப்பு. அதன் நுனியில் ஒரு துணி மாதிரி ஏதோ. குனிந்து தரையைத் துடைக்கும் ஒருத்தியைப் பின்னாலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. நாங்கள் தினமும் கடந்துபோகும் மலைதான். எங்கள் யாருக்கும் தெரியவில்லை, ஒட்டகமாம், ஆட்டோவாம்.

"இது என் முதுகு இல்ல?" என்றாள் அம்மா.

"ஆமாக்கா."

"இவ்வளவு அகலமாவா இருக்கு?"

"இடம் பத்தலைன்னு கொஞ்சம் சின்னதாக்கித்தான் போட்டேன்."

அம்மா அவள் தலையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிக் கையில் கொடுத்தாள். பிறகு சுவரருகே போய், யாரோ மலை என்று நினைத்து விரல் வைத்துத் தடம் பதித்த இடத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். மெதுவாக, வட்டம் வட்டமாக.